மாரத்தானுக்கு முன் ஒரு வெள்ளோட்டம்: எவ்வளவு அழுத்தி ஓடலாம்?

மன்னார்குடியில் ஒரு பள்ளி ஆசிரியர், தஞ்சாவூரில் ஒரு வங்கி ஊழியர். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அண்ணே, கோயம்புத்தூர் ஹாஃபுக்குப் பேர் கொடுத்துட்டேன். முழுசா அடிச்சு ஓடிடவா, இல்ல சும்மா லாங் ரன் மாதிரி ஓடிட்டு வந்துடவா?"

ஹாஃப் என்றால் பாதி மாரத்தான், 21 கிலோமீட்டர்; ஃபுல் 42. லாங் ரன் என்பது வாரம் ஒருமுறை நிதானமாக ஓடும் நீண்ட பயிற்சி ஓட்டம். கோவைக்குப் பிறகு ஜனவரியில் ஓடப்போவதுதான் இருவருக்கும் முதல் ஃபுல் மாரத்தான். இருவரும் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க ஆசைப்படுகிறார்கள். ஆசிரியர் போவது சென்னைக்கு, வங்கிக்காரர் போவது மும்பைக்கு. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அதனாலேயே இருவருக்கும் வேறு வேறு பதில் சொன்னேன். அதை விளக்கப்போய்த்தான் இவ்வளவு நீண்டுவிட்டது.

டெல்டாவில் இருந்துகொண்டு ஓடுகிறவர்களுக்குக் காலண்டரே பாதிச் சிக்கல். சென்னை மாரத்தான் ஜனவரி முதல் ஞாயிறை ஒட்டி வரும், மும்பை மூன்றாவது ஞாயிறு. அதற்கு முந்தைய மூன்று மாதமும் நமக்கு வடகிழக்குப் பருவமழை. அதனால் ஒரு ரேஸ் ஓடிப் பார்க்கலாம் என்று நினைக்கிற பலர் டிசம்பர் நடுவாக்கில் வரும் கோவை மாரத்தானுக்குப் போகிறார்கள். மன்னார்குடியிலிருந்து செம்மொழி, மயிலாடுதுறையிலிருந்து ஜன் சதாப்தி என்று வண்டியும் இருக்கிறது. அங்கிருந்து எண்ணினால் சென்னைக்குச் சுமார் மூன்று வாரம், சில வருடம் அதற்கும் குறைவு. மும்பைக்கு ஐந்து வாரம் வரை கிடைக்கும்.

இப்படி முன்னால் ஓடும் ரேஸை ஓட்டக்காரர்கள் டியூன்-அப் ரேஸ் என்கிறார்கள். எனக்கு வெள்ளோட்டம் என்ற சொல்தான் பிடித்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோவில் தேர் சுமார் நூறு வருடத்துக்குப் பிறகு 2015ல் ஓடியபோது, முதலில் வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தார்கள். சாமி ஏறாது. சக்கரம் உருள்கிறதா, முட்டுக்கட்டை போட்டால் நிற்கிறதா, வீதி முனையில் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டுத் தேரைப் பத்திரமாக நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வெள்ளோட்டத்திலேயே அச்சு முறிந்தால் அந்த வருடம் தேரோட்டம் கிடையாது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது இடைவெளி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். நியூசிலாந்தின் ஜாக் ஃபாஸ்டர் 1974 காமன்வெல்த் போட்டியில் 41 வயதில் மாரத்தான் வெள்ளி வாங்கியவர். ரேஸில் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் நிதானமாக ஓடு, அதுவரை கடினப் பயிற்சி வேண்டாம் என்பது அவர் பெயரால் வழங்கும் விதி. ஹாஃப் என்பது 13 மைல், ஆகவே 13 நாள். 10 கிலோமீட்டருக்கு ஆறு நாள். இது ஆய்வுக்கூடத்தில் அளந்து சொன்னதல்ல, ஆனால் என் கால்கள் அதை மறுத்துப் பேசியதில்லை.

இதோடு டேப்பரைச் சேருங்கள். மாரத்தானுக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வருவோம். மூன்று வாரத்துக்கு முன் ஹாஃபை முழு மூச்சில் ஓடினால், 13 நாள் தேறுவதற்கே போய்விடும். மிச்சம் ஒரு வாரத்தில் பயிற்சி செய்ய ஒன்றும் இல்லை. ஐந்து வாரம் இருந்தால் இரண்டு வாரத்தில் தேறி, கடைசியாக ஒரு 30 கிலோமீட்டர் ஓடி, அப்புறம் டேப்பருக்குள் போகலாம்.

இரண்டாவது, உங்களுக்கு இன்னும் தெரியாதது என்ன? உடம்பு எந்த வேகத்துக்குத் தயார் என்று தெரியவில்லையா, குறித்த வேகத்தில் ஒழுங்காக ஓடத் தெரியவில்லையா, ஓடும்போது சாப்பிடும் ஜெல் (சர்க்கரைக் கூழ்) வயிற்றில் நிற்குமா என்று தெரியவில்லையா? மூன்றுக்கும் ஒரே ரேஸில் விடை தேடினால் ஒன்றுக்கும் சரியாகக் கிடைக்காது.

மூன்றாவது வானிலை. அக்டோபரில் நாகை, திருவாரூர் பக்கம் விடியற்காலையிலும் வெப்பம் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். அந்த ஈரத்தில் அது சொட்டி விழுகிறதே தவிர ஆவியாவதில்லை. தோலைக் குளிர்விக்கவும் ரத்தம் வேண்டும், தொடைக்கும் ரத்தம் வேண்டும். இதயம் இரண்டுக்கும் சேர்த்து ஓடுகிறது. அங்கே எடுத்த டைமைப் பார்த்து மனம் உடையக்கூடாது. கோவையில் இதற்கு நேர் எதிரான ஆபத்து. கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம், டிசம்பர் விடியலில் நல்ல குளுமை. அங்கே கிடைத்த எண்ணைச் சென்னைக் கடற்கரைப் புழுக்கத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

இதையெல்லாம் ஒரு பார்வையில் வைத்தால் இப்படி வரும். ஓய்வு நாட்கள் என் அனுபவக் கணக்கு. வாரத்துக்கு 40 முதல் 60 கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்குப் பொருந்தும்.

| எப்படி ஓடுவது | மாரத்தானுக்கு முன் இடைவெளி | தெரியவருவது | பின்னால் ஓய்வு |
|---|---|---|---|
| ஹாஃப், முழு மூச்சில் | 5–6 வாரம் | உடம்பின் இன்றைய அளவு | சுமார் 2 வாரம் |
| ஹாஃப், மாரத்தான் வேகத்தில் | 3–5 வாரம் | வேகக் கட்டுப்பாடு, வயிறு, ஷூ | 4–6 நாள் |
| ஹாஃப், பின்பாதியில் அழுத்தி | 4–5 வாரம் | களைத்த பிறகு என்ன மிச்சம் | 7–9 நாள் |
| ஹாஃப், லாங் ரன்னாக | 2–3 வாரம் | ரேஸ் நாள் பழக்கம் | 2–3 நாள் |
| ஊரிலேயே 10 கிலோமீட்டர், முழு மூச்சில் | 3–4 வாரம் | வேகத்தின் ஒரு அளவு | 5–6 நாள் |

## முழு மூச்சில் ஓடுவது

இதில் கிடைப்பது ஒரு நேர்மையான எண். அந்த எண்ணை மாரத்தானுக்கு மாற்ற ஒரு சூத்திரம் உண்டு. பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977ல் எழுதியது. அதன்படி ஹாஃப் நேரத்தை 2.085ஆல் பெருக்கினால் ஃபுல் நேரம். ஹாஃபை 1 மணி 55 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு 3:59 என்று வரும். கேட்கவே இனிக்கிறது.

இனிப்பில்தான் ஆபத்து. நம்மைப் போல வேலைக்குப் போய்க்கொண்டு ஓடுகிறவர்களின் நேரங்களைத் திரட்டி 2016ல் ஓர் ஆய்வு வந்தது. ஹாஃப் வரைக்கும் இந்தச் சூத்திரம் சரியாக இருக்கிறது, ஃபுல்லுக்கு வரும்போது பாதிப் பேருக்குக் குறைந்தது பத்து நிமிடமாவது வேகமாகக் காட்டிவிடுகிறது என்று அது சொன்னது. 30 கிலோமீட்டருக்குப் பிறகு தசையில் சேமித்து வைத்த சர்க்கரையான கிளைகோஜன் வற்றுவதும், தொடை அடி வாங்கித் துவண்டுபோவதும் ஹாஃபில் தெரியாது. வாரத்தில் 80, 90 கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்கு அந்தச் சரிவு குறைவு, 40 ஓடுகிறவர்களுக்கு அதிகம். ஆகவே 1:55 ஓடியவர் நான்கு மணி நேரத்தை நம்பிக் கிளம்பக்கூடாது. 1:50ஐ ஒட்டி வந்தால் நம்பலாம் என்பது என் கணக்கு.

மறைமுகச் செலவு நிறைய. முழு மூச்சில் ஓட வேண்டுமென்றால் முந்தின மூன்று நாலு நாள் காலுக்கு ஓய்வு தர வேண்டும், பிந்தைய 13 நாள் சொன்னதே. பதினாறு வாரப் பயிற்சியில் இரண்டரை வாரம் இதற்கே போகிறது. அந்த வாரத்து லாங் ரன்னும் கிடையாது. கோவை மாதிரி வெளியூர் என்றால் இன்னொன்று. சில ரேஸ்களில் பிப் (நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) கொடுப்பது முந்தின நாள் மாலையோடு முடிந்துவிடும். சனிக்கிழமை ராத்திரி வண்டியில் போய் நேராக ஓட முடியாது. வெள்ளி இரவே கிளம்பி, சனிக்கிழமை வரிசையில் நின்று, ஓடி முடித்த கையோடு ஆறேழு மணி நேரம் ரயில் இருக்கையில் மடக்கிய காலோடு திரும்ப வேண்டும். கெண்டைக்கால் கல்லாகிவிடும். திங்கட்கிழமை ஆபீஸ் மாடிப்படியைப் பக்கவாட்டில் இறங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எனக்குப் புரிந்தது பட்ட பிறகுதான். ஒரு டிசம்பரில், சென்னைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஹாஃபை 1:49ல் ஓடினேன். என் வாழ்க்கையிலேயே நல்ல டைம். அடுத்த ஞாயிறே, விட்டுப்போன தூரத்தை ஈடுகட்டுகிறேன் பேர்வழி என்று திருவையாறு ரோட்டில் 30 கிலோமீட்டர் ஓடினேன். ஜனவரியில் 30ஆவது கிலோமீட்டரில் இரண்டு தொடையும் பூட்டிக்கொண்டன. மிச்சத்தில் பாதியை நடந்தேன். நேரம் 4:31. டிசம்பரிலேயே என் தேர் ஓடி முடித்துவிட்டது, ஜனவரியில் வந்தது வெறும் மரச்சட்டம்.

"ஜப்பான்காரர் கவாவுச்சி வாராவாரம் ரேஸ் ஓடுகிறாரே?" என்று கேட்பவர்கள் உண்டு. யூக்கி கவாவுச்சி முழுநேர அரசு வேலை பார்த்துக்கொண்டே 2018ல் பாஸ்டனை வென்றவர். மாரத்தானை 2 மணி 20 நிமிடத்துக்குள் நூறு முறைக்கு மேல் முடித்திருக்கிறார். வார இறுதி ரேஸ்தான் அவருக்குக் கடினப் பயிற்சி, பல வருடம் அப்படியே பழகிய உடம்பு அது. நம்முடைய உடம்பு அடைமழையில் நாலு நாள் ஓடாமல் உட்கார்ந்து, ஐந்தாம் நாள் கிளம்புகிற உடம்பு.

இவ்வளவு சொன்னாலும், ஐந்து ஆறு வாரம் கையில் இருந்து, இதற்கு முன் ஒரு ஹாஃபையும் சரியாக ஓடிப் பார்க்காதவராக இருந்தால் முழு மூச்சில் ஓடுங்கள். குறி வைக்க ஓர் எண்ணாவது வேண்டும்.

## மாரத்தான் வேகத்தில் ஓடுவது

நான்கு மணி நேரக் குறி என்றால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி. ஹாஃப் சரியாக இரண்டு மணி நேரத்தில் முடியும். நாலரை மணி நேரக் குறிக்கு 6:24, ஹாஃப் 2:15. ஓடும்போது இது எளிதாகவே தோன்றும், தோன்றவும் வேண்டும்.

இதில் கற்பது அதிகம். ஜெல்லை அந்த வேகத்தில் விழுங்கிப் பார்க்கலாம். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது வழக்கமான அளவு. நிதானமாக ஓடும்போது ஏற்றுக்கொண்ட வயிறு வேகத்தில் ஏற்காமல் போகலாம். ஜெல் பிடிக்காமல் பேரீச்சையும் கடலைமிட்டாயும் கொண்டுபோகிறவர்களுக்கு, அதை மென்றுகொண்டே 5:41ல் மூச்சு விட முடிகிறதா என்பது தனிப் பரீட்சை. விடியற்காலை மூன்று மணிக்கு இட்லி இறங்குமா, நனைந்த சாக்ஸ் எங்கே கொப்புளம் போடும், பனியன் எங்கே அறுக்கும் என்பதெல்லாம் இங்கேதான் வெளிவரும். ரேஸுக்கு முன் நாலைந்து கிலோமீட்டர், முடித்த பிறகு இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாகச் சேர்த்துக்கொண்டால் அந்த வாரத்து லாங் ரன்னும் முடிந்தது.

செலவு என்னவென்றால் மானம். கூட்டத்தில் முதல் மூன்று கிலோமீட்டர் எல்லோரும் முந்திப் போவார்கள். உங்களோடு தினமும் ஓடி, வழக்கமாகப் பின்தங்குகிறவரும் போவார். ஊருக்கு வந்தால் "என்ன சார், ரெண்டு மணி நேரம்தானா?" என்பார்கள். இதைத் தாங்க முடியாதவர்கள் 8ஆவது கிலோமீட்டரில் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். அப்புறம் அது முழு மூச்சும் இல்லை, மாரத்தான் வேகமும் இல்லை. களைப்பு முழுசாக வரும், எண் அரைகுறையாக வரும்.

இந்த வேகத்தில் உடம்பின் அளவு தெரியாது என்பார்கள். முழுக்கச் சரியல்ல. 18ஆவது கிலோமீட்டரில் பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போனால், அந்தக் குறி உங்களுக்குப் பெரியது. அதை டிசம்பரில் தெரிந்துகொள்வது ஜனவரியில் 32ஆவது கிலோமீட்டரில் தெரிந்துகொள்வதைவிட மேல்.

என்னைக் கேட்டால், மூன்று நான்கு வாரம் மட்டுமே இருக்கிறவர்களுக்கு இதுதான். பெரும்பாலான டெல்டாக்காரர்கள் சென்னைக்குப் போகிறவர்கள் என்பதால், பெரும்பாலானவர்களுக்கு இதுதான் என்றும் சொல்லலாம்.

## முன்பாதி நிதானம், பின்பாதி அழுத்தம்

முதல் 10, 12 கிலோமீட்டர் மாரத்தான் வேகம். அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசி ஐந்தாறு கிலோமீட்டர் இருப்பதையெல்லாம் கொட்டுவது. முழு மூச்சில் பாதி எண்ணும், மாரத்தான் வேகத்தில் பாதிப் பாடமும் கிடைக்கும். காலுக்கு விழும் அடி இரண்டுக்கும் நடுவில்.

மும்பைக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் லாபம். அங்கே பெத்தர் ரோடு ஏற்றம் திரும்பி வரும்போது, கால் சோர்ந்த பிறகு வருகிறது. நமக்கு ஏற்றம் என்றால் கொள்ளிடம் பாலத்துக்கு ஏறும் சரிவும் ரயில்வே மேம்பாலமும்தான். களைத்த காலை அழுத்திப் பழக்குவதற்கு இந்த ஓட்டம் உதவும். அதோடு வாரம் ஒருமுறை மேம்பாலத்தில் ஏழெட்டு தடவை ஏறி இறங்குங்கள். விடியற்காலையில் செய்யுங்கள், லாரி இருக்காது, கேள்வி கேட்க ஆளும் இருக்காது.

குறை ஒன்று. முன்பாதியில் அடக்கத் தெரியாதவர்களுக்கு இது எட்டாது. ஜிபிஎஸ் கடிகாரத்தை நம்பாமல் சாலையோரக் கிலோமீட்டர் பலகையைப் பார்த்து நேரம் கணக்கிடப் பழகுங்கள்.

## லாங் ரன்னாக ஓடுவது

மாரத்தான் வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் மெதுவாக, பேசிக்கொண்டே ஓடி முடிப்பது. முதல்முறை ரேஸ் கூட்டத்தைப் பார்க்கிறவர்கள், காய்ச்சலிலிருந்து எழுந்தவர்கள், மாரத்தானுக்கு இரண்டே வாரம் இருக்கிறவர்கள் இதற்கு மேல் போகக்கூடாது. ஆனால் கட்டணம், ரயில், ரூம் எல்லாம் கொடுத்து, ஆற்றங்கரையில் இலவசமாக ஓடக்கூடிய ஓட்டத்தை ஓடுகிறோமே என்ற உறுத்தல் இருக்கும். உறுத்தினால் போகாதீர்கள். போய்விட்டு உறுத்தினால் கால் தானாக வேகம் பிடிக்கும்.

## போகாமல் ஊரிலேயே ஓடிப் பார்ப்பது

இதை யாரும் கேட்பதில்லை, நானாகச் சொல்கிறேன். தஞ்சாவூரைத் தொட்டுப் போகும் கல்லணைக் கால்வாய், நாம் புது ஆறு என்று சொல்வது, அதன் கரையை ஒட்டிய சாலை மாதிரி தட்டையான பாதை ரேஸ்களில்கூடக் கிடைப்பது கடினம். 10 கிலோமீட்டரை அளந்து வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிறு விடியலில் முழு மூச்சில் ஓடிப் பாருங்கள். ரீகல் கணக்குப்படி 10 கிலோமீட்டர் நேரத்தை 4.6ஆல் பெருக்கினால் மாரத்தான் நேரம். 52 நிமிடம் நான்கு மணி நேரத்துக்குள் வரும். தூரம் விலகுவதால் ஹாஃபைவிடப் பிழை அதிகம் வரும், ஆனால் ஆறு நாளில் கால் தேறிவிடும்.

இதிலும் செலவு இல்லாமல் இல்லை. தண்ணீர் கொடுக்க யாரும் இல்லை. டிவிஎஸ் 50ல் பாட்டிலோடு பின்னால் வர ஒரு நண்பர் வேண்டும். நாய் துரத்தினாலும் அவர்தான் காவல். அக்டோபரில் குறுவை அறுவடை என்றால் பாதி ரோட்டில் நெல் காயும், அதை மிதிக்காமல் ஓரமாக ஓட வேண்டும். தனியாக ஓடும்போது கூட்டத்தில் வரும் வேகம் வராது, 10 கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் கூடுதலாக ஆகலாம். புயல் சின்னம் என்று செய்தி வந்தால் தள்ளிப்போட்டுக்கொள்ளலாம், கட்டணம் போய்விடுமே என்ற கவலை இல்லை. 2018 நவம்பரில் கஜா வந்த வருடத்தை நினைத்துப் பார்த்தால் இந்த ஒரு வசதியே பெரிது.

## அந்த இருவருக்கும்

மன்னார்குடி ஆசிரியரிடம், கோவையில் 5:41க்கு மேல் ஒரு அடிகூட வேகம் வேண்டாம், கடைசி இரண்டு கிலோமீட்டர் ஆசைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு வேகம் பற்றிச் சந்தேகம் இல்லை. செப்டம்பரில் ஊரிலேயே 10 கிலோமீட்டரை 51 நிமிடத்தில் ஓடியிருக்கிறார். தெரியாதது வயிறு. ஜெல் சாப்பிட்ட இரண்டு முறையும் குமட்டியிருக்கிறது.

தஞ்சாவூர் வங்கிக்காரருக்கு வேகமே தெரியாது, எல்லா ஓட்டத்தையும் ஒரே வேகத்தில் ஓடுகிறவர். அவருக்குப் பின்பாதி அழுத்தம். முதல் 10 கிலோமீட்டர் 5:41, அப்புறம் கால் சொல்வது. முதல் பத்தை அடக்கி ஓடியும் 1:56க்குள் முடித்தால் நான்கு மணி நேரத்தைத் தொட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் 4:15க்குக் குறியை மாற்றிக்கொண்டு மும்பைக்கு நிம்மதியாகப் போகலாம். ஐந்து வாரம் இருக்கிறது, தேறிவிடும்.

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து ஓட முடியாதாண்ணே?" என்றார் ஆசிரியர். ஒரே ரூம் போட்டிருக்கிறார்களாம்.

பத்தாவது கிலோமீட்டர் வரைக்கும் சேர்ந்து ஓடலாம். அங்கே வங்கிக்காரர் கிளம்பும்போது கூடவே போய்விடாமல் இருப்பதுதான் ஆசிரியருக்கு அன்றைய பாடம். கையில் ஜெல் இருக்கும், அதைப் பிரித்துக்கொண்டிருக்கட்டும்.